"நிமிர்ந்து இரு!" என்று சொல்லுமுன்

பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாலை விளக்கேற்றிய பின் அதிகமாக ஒலிக்கும் சொல் எது என்று ஒருவர் கணக்கெடுத்தால், "படி" என்பதற்கு அடுத்தபடியாக "நிமிர்ந்து இரு" என்பதே வரும். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. ஆசிரியர் சொன்னவுடன் நாற்பது முதுகுகள் நிமிரும். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் நாற்பதும் பழையபடி வளைந்துவிடும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பெற்றோர், "பிள்ளைக்குச் சோம்பல்" என்றோ, "பழக்கதோஷம்" என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒரு கட்டளை இத்தனை முறை சொல்லப்பட்டும் பயன் தரவில்லையென்றால், குற்றம் கேட்பவரிடத்தில் மட்டுந்தான் உண்டா என்று சிறிது ஆராய வேண்டாமா? பிள்ளை கோணி இருப்பதற்குரிய காரணம் பெரும்பாலும் அதன் மனத்தில் இல்லை. அது இருக்கும் கதிரையில், எழுதும் மேசையில், சில வேளைகளில் அதன் கண்ணில், மிகச் சில வேளைகளில் அதன் எலும்பில் அக்காரணம் உள்ளது. முதலில் பார்த்தறிதல் வேண்டும். திருத்துதல் அதன் பின்னரே. பார்த்தறியும் முறையையும் திருத்தும் வழியையும் பெற்றோரும் மாணவரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருக்கப் பழகுதல்

குழந்தை இருக்கப் பழகுவதைத் தமிழர் ஒரு பெருமகிழ்ச்சியாகவே கொண்டாடினர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் செங்கீரை, சப்பாணி, வருகை என்பவை குழந்தையின் உடல்வளர்ச்சியை ஒட்டி அமைந்தவை. ஐந்தாம் மாதமளவில் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதமளவில் இருந்தபடியே இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளும் இதற்கு அண்மையிலேயே உள்ளன. ஆதாரமின்றித் தானே இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ நான்காம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையில் குழந்தைக்குக் கைகூடுகிறது என்பது அந்த அளவு.

சப்பாணி கொட்டும் குழந்தையின் முதுகைப் பாருங்கள். யாரும் சொல்லிக்கொடாமலே அது நேராக நிற்கின்றது. ஆயினும் அக்குழந்தை ஒரே நிலையில் ஐந்து நிமிடம் இருப்பதில்லை. தவழும், புரளும், எழும், மறுபடியும் அமரும். ஆறு வயதில் அதே பிள்ளையைக் காலை ஏழரை மணிக்கு ஒரு கதிரையில் அமர்த்துகிறோம். பிற்பகல் ஒன்றரை மணிவரை பாடசாலை. அதன் பின் ரியூட்டரி. அதன் பின் வீட்டுவேலை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் ஆண்டில் அது விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதி இருக்கையிலேயே கழிகின்றது. இயற்கை கொடுத்த திறம் ஒன்று. நாம் சுமத்தும் வேலை மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போவதில்லை.

பாய்மரமும் கயிறுகளும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்பவருக்கு முதுகெலும்பின் அமைப்பை விளக்குவது எளிது. பாய்க்கப்பலின் மரம் தன் வலிமையால் மட்டும் நிற்பதன்று. நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளே அதனை நிறுத்துகின்றன. ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் மரம் மறுபக்கம் சாயும். கப்பலின் அடித்தளம் சரிந்தால் எந்தக் கயிறும் மரத்தைச் செங்குத்தாக வைத்திருக்க மாட்டாது.

நம் உடம்பில் முதுகெலும்பே பாய்மரம்; முதுகிலும் வயிற்றிலும் உள்ள தசைகளே கயிறுகள்; இடுப்பெலும்பே அடித்தளம். நிற்கும்போது இடுப்பெலும்பு சற்று முன்சாய்ந்து, கீழ்முதுகில் ஓர் இயல்பான உள்வளைவு உண்டாகிறது. தொடையைச் செங்கோணமாக மடக்கி அமரும்போது அந்த 90 பாகையும் இடுப்பு மூட்டிலேயே கிடைத்துவிடுவதில்லை. ஏறத்தாழ 60 பாகையை மூட்டுத் தருகிறது. எஞ்சியதை இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரிந்து தருகிறது. அடித்தளம் சரிய, உள்வளைவு மறைந்து முதுகு வெளியே வளைகிறது. ஆகவே கூனி இருத்தல் ஒழுக்கக்கேடு அன்று. மடங்கிய உடம்பு தேடிக்கொள்ளும் வழி.

நிமிர்ந்து இருக்கவேண்டுமானால் தசைகள் ஓயாமல் இழுத்தபடி நிற்கவேண்டும். எந்தத் தசையும் அவ்வாறு நெடுநேரம் உழைக்காது. களைத்ததும் கைவிடுகிறது, உடம்பு தசைநார்களில் தொங்கத் தொடங்குகிறது. மேலும், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டுகளின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் அவற்றுக்கு ஊட்டம் நன்கு ஊறுகின்றது. அசையாமல் நிமிர்ந்து இருப்பதும் அசையாமல் கூனி இருப்பதும் இவ்வகையில் ஒன்றே. இக்காலத்து ஆய்வுகளும் கூனி இருப்பதனாலேயே பிள்ளைக்கு முதுகுவலி வரும் என்று திட்டமாகக் கூற இடந்தருவதில்லை. நெடுநேரம் அசைவின்றி இருத்தலே பெரிதும் அஞ்சத்தக்கது.

கதிரை யாருக்காகச் செய்யப்பட்டது?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கதிரையும் மேசையும் இல்லை. பிள்ளை நிலத்தில் இருந்து மணலில் எழுதிற்று. பின் ஓலையை இடக்கையில் ஏந்தி எழுத்தாணியால் வரைந்தது. கையில் ஏந்திய ஓலையைத் தன் கண்ணுக்கு ஏற்ற தூரத்தில் வைத்துக்கொள்ள அதனால் முடிந்தது. ஆங்கிலக் கல்வியுடன் வாங்கும் மேசையும் வந்தன. அவை ஓரளவினவாய்ச் செய்யப்பட்டவை. பிள்ளைகளோ பல அளவினர்.

இச்சிக்கல் ஐரோப்பாவிலேயே முதலில் உணரப்பட்டது. சூரிச் நகர மருத்துவர் பார்னர் என்பவர் 1865 ஆம் ஆண்டிலேயே பிள்ளையையும் பள்ளி மேசையையும் பற்றித் தனிநூல் எழுதினார். நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் குறை தீரவில்லை. 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 74 மாணவரை அளந்து, வகுப்பிலுள்ள கதிரை மேசைகளுடன் ஒப்பிட்டனர். பொருத்தமான கதிரையும் மேசையும் கிடைத்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு.

நம் நாட்டு நிலை என்ன? மருத்துவர் கபில ஜயரத்னவும் துலிதா பெர்னாண்டோவும் இலங்கை மாணவரின் வகுப்பறை இருக்கைகளை ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தென்கிழக்கு ஆசியாவிலேயே நம் நிலைதான் மிக மோசமானதா என்ற வினாவை அவர்கள் தலைப்பிலேயே எழுப்பியிருந்தனர். பிள்ளைகளின் உடலளவுக்கும் அவர்கள் இருக்கும் தளபாடத்துக்கும் இடையே பெரும் பொருத்தமின்மை இருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரே வகுப்பிற் பயிலும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். ஒருவன் தகப்பனின் தோளளவு வளர்ந்திருப்பான். மற்றொருவன் இன்னும் தம்பியின் உயரத்தில் இருப்பான். கதிரை மட்டும் இருவருக்கும் ஒன்றே.

வீட்டு மேசைக்கு ஒரு கணக்கு

பாடசாலைத் தளபாடத்தை நாம் நாளைக்கே மாற்ற இயலாது. வீட்டில் உள்ளதைத் திருத்த இன்றைக்கே இயலும். அதற்கு ஓர் அளவுநாடா போதும்.

ஐரோப்பியப் பாடசாலைத் தளபாட நியமம் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்பப் பல அளவுகளை வகுத்துள்ளது. 119 முதல் 142 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்குக் கதிரையின் உயரம் 35 செ.மீ.; மேசையின் உயரம் 59 செ.மீ. அடுத்த அளவில், 133 முதல் 159 செ.மீ. வரை உயரமுள்ளவருக்குக் கதிரை 38, மேசை 64. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையோ ஏறத்தாழ 75 செ.மீ. உயரம், அதன் கதிரை 45 செ.மீ. வளர்ந்தவருக்குச் செய்த இந்த மேசையில் எட்டு வயதுப் பிள்ளையை இருத்திவிட்டு நிமிர்ந்து இரு என்கிறோம். அதன் தோள்கள் காதுவரை உயர்கின்றன. கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. கதிரையின் விளிம்பு தொடையை அழுத்துகின்றது. அந்த வேதனை தாங்காமல் பிள்ளை ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு ஒருபுறம் சரிகின்றது. குற்றவாளி யார்?

இனிக் கணக்கைப் போடுவோம். சிறிய அளவில் மேசைக்கும் கதிரைக்கும் இடையிலுள்ள வேறுபாடு 59 இலிருந்து 35 ஐக் கழிக்க 24 செ.மீ. நம் மேசை 75 செ.மீ. என்றால், பிள்ளை இருக்கவேண்டிய உயரம் 75 இலிருந்து 24 போக 51 செ.மீ. கதிரை 45 ஆகையால் அதன்மேல் 6 செ.மீ. கனமுள்ள பலகையோ இறுக்கமான மெத்தையோ இடவேண்டும். இப்போது பிள்ளையின் பாதம் நிலத்தைத் தொட 51 இலிருந்து 35 போக 16 செ.மீ. குறைகின்றது. அந்த உயரத்துக்கு ஒரு மணையோ, துணி சுற்றிய செங்கற்களோ, பழைய மரப்பெட்டியோ காலடியில் வைத்தால் வேலை முடிந்தது. புத்தகப் பையைக் காலடியில் வைத்துவிடவேண்டாம். ஏட்டின்மேற் கால் படுவது நம் மரபுக்கும் ஒவ்வாது, பைக்கும் நல்லதன்று.

நாடா இல்லாதவர் உடம்பையே அளவாகக் கொள்ளலாம். பாதம் முழுவதும் தளத்திற் படியவேண்டும். முழங்காலின் பின்மடிப்புக்கும் கதிரையின் முன்விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். கையைத் தொங்கவிட்டு மடக்கினால் முழங்கை மேசைப் பரப்பின் மட்டத்திலோ அதற்குச் சிறிது கீழேயோ நிற்கவேண்டும். கதிரையின் ஆழம் அதிகமானால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைக்கலாம்.

மேசை இல்லாத வீடுகளும் நம்மிடையே பல உண்டு. அது குறையன்று. பாயில் சம்மணமிட்டு எழுதும் பிள்ளைக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள பலகை ஒன்றைப் போட்டு, இருக்கையின் கீழ் மடித்த போர்வை ஒன்றை இட்டால் இடுப்பு உயர்ந்து முதுகு தானே நிமிரும். முன்னாளிற் கணக்குப்பிள்ளைகள் நிலத்தில் இருந்து, சாய்ந்த மூடியுள்ள பெட்டியின்மேல் பேரேட்டை விரித்து நாள் முழுதும் எழுதினர். அச்சிறு பெட்டியில் இந்த அறிவு முழுவதும் இருந்தது.

மூன்று பார்வை

இருக்கையைச் சரிசெய்த பின் பிள்ளையைப் பார்க்கவேண்டும். பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் நிமிர்ந்துவிடும். எழுதத் தொடங்கி இருபது நிமிடம் ஆனபின் பார்ப்பதே சரியான வேளை. அப்போதுதான் உடம்பு தன் உண்மையைச் சொல்லும்.

முதற் பார்வை பக்கத்திலிருந்து. காது, தோள், இடுப்பு என்ற மூன்றும் ஏறத்தாழ ஒரு கோட்டில் உள்ளனவா, அல்லது தலை முன்னே வெகுதூரம் நீண்டுள்ளதா? பாதம் படிந்துள்ளதா? முகத்துக்கும் கொப்பிக்கும் இடையே தூரம் எவ்வளவு? 1940 களில் தெக்சாஸ் மாநிலப் பாடசாலைகளை ஆராய்ந்த ஹார்மன் என்பவர் பெயரால் வழங்கும் ஓர் எளிய அளவு உண்டு. பிள்ளை முழங்கையை நூலின்மேல் ஊன்றி, மூடிய கையைக் கன்னத்தில் வைத்தால் கண்ணுக்கும் நூலுக்கும் எவ்வளவு தூரமோ அதுவே அப்பிள்ளைக்கு உரிய தூரம். இதிற் பெரிதும் குறைந்தால் கவனம் தேவை.

இரண்டாம் பார்வை பின்னாலிருந்து. இரு தோள்களும் ஒரே மட்டத்தில் உள்ளனவா? உடலின் பாரம் ஒரு புட்டத்தின்மேல் மட்டும் விழுகிறதா? எழுதும் கை மேசையில் இருக்க, மற்றக் கை மடியிற் கிடக்கிறதா? அப்படியானால் உடம்பு ஒருபுறம் சரிவது இயல்பு. மற்றக் கையால் கொப்பியைப் பிடிக்கப் பழக்கினாலே பாதி கோணல் போய்விடும்.

மூன்றாம் பார்வை முன்னாலிருந்து. தலை ஒரு பக்கம் திரும்பியோ சரிந்தோ உள்ளதா? கண்ணைச் சுருக்குகிறதா? ஒரு கண்ணைக் கையால் மறைக்கிறதா? இவை முதுகின் குறிகளல்ல, கண்ணின் குறிகள். சில வேளை செவியின் குறிகளாகவும் இருக்கலாம். ஒரு காது மந்தமான பிள்ளை கேட்கும் காதை ஆசிரியர் பக்கம் திருப்பியே இருக்கும்.

ஒரு தாயார் தம் மகனைப் பற்றி முறையிட்டதை இங்கே குறிப்பிடலாம். "எத்தனை தரம் சொன்னாலும் கேக்கிறானில்லை, சேர். ஒரு பக்கம் சரிஞ்சுதான் எழுதுவான். அடிச்சும் பாத்திட்டன்" என்றார். "அம்மா, இனி அடிக்கவேண்டாம். முதலில கண்ணைக் காட்டிப் பாருங்கோ" என்றேன். காட்டினார்கள். ஒரு கண்ணின் பார்வை மற்றதைவிட மிகக் குறைந்திருந்தது. கண்ணாடி வந்த சில கிழமைகளில் சரிவு குறைந்தது. அந்தப் பையன் வாங்கிய அடிகள் மட்டும் வாங்கியவையே. கண்ணைப் பார்க்காமல் முதுகைத் திருத்தப் புகுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

தலை நூலிடம் போவதா, நூல் தலையிடம் வருவதா?

நம் கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறும்போது நூல் சாய்ந்த பீடத்தின்மேல் வீற்றிருக்கும். வாசிப்பவர் நிமிர்ந்திருப்பார்; பல மணி நேரம் வாசித்தும் கழுத்து வாடார். கிண்ணியாவிலும் மூதூரிலும் இஸ்லாமியப் பிள்ளைகள் குர்ஆன் ஓதும்போது மடிப்பு மரத்தாங்கியில் நூலை விரித்து வைக்கின்றனர். இரு மரபும் நூலுக்கு மரியாதை செய்யும் பொருட்டு அதனை உயர்த்தின. அதனால் வாசிப்பவரின் கழுத்தும் காப்பாற்றப்பட்டது. பாடநூலுக்கும் அவ்வாறே ஒரு தாங்கி வைக்கலாம். இரண்டு தடித்த நூல்களின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் அதுவே தாங்கி. டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் மண்டால் என்பவர் 1970 களிலிருந்து வற்புறுத்தியதும் இதுவே: மேசைப் பரப்புப் பிள்ளையை நோக்கிச் சாயட்டும், இருக்கை உயர்ந்து சற்று முன்சாயட்டும், செங்கோணத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டாம் என்றார் அவர்.

கைத்தொலைபேசி இவ்விஷயத்தில் ஒரு புதிய சோதனை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி உள்ளங்கையளவு திரைக்குள் வந்து சேர்ந்தது. பாடசாலைகள் திறந்தன, திரை போகவில்லை. மடியில் வைத்த தொலைபேசியைப் பார்க்கத் தலை குனிந்தே ஆகவேண்டும். அதனை நூல் தாங்கியில் நிறுத்தி வைத்துப் பார்க்கச் செய்தல் ஒரு வழி. பாடம் முடிந்ததும் எடுத்து வைத்துவிடுதல் அதனினும் நல்ல வழி.

வைத்தியரிடம் போகவேண்டியவை

இதுவரை சொன்னவை வீட்டிலே தீரும் காரியங்கள். தீராதவை சில உண்டு. அவற்றைப் பிரித்தறிவதே பார்வையின் பெரும்பயன்.

பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையில், வளர்ச்சி விரையும் காலத்தில், நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் 10 பாகையோ அதற்கு மேலோ வளைந்து திருகிக்கொள்கிறது. பெரும்பாலோரில் இது சிறிதாகவே நின்றுவிடும். சிலரில் வளர்ந்துகொண்டே போகும். அவ்வாறு போவது பெண்பிள்ளைகளிலேயே அதிகம். கோணி இருந்ததனாலோ, பை சுமந்ததனாலோ இது வருவதில்லை. அதனால் திட்டியும் போகாது. நிமிரச் சொல்லியும் போகாது. தொடக்கத்தில் வலியும் பெரும்பாலும் இராது. ஆகையால் பார்த்தாலன்றித் தெரியாது.

பார்க்கும் முறை எளியது. இலண்டன் மருத்துவர் வில்லியம் அடம்ஸ் 1865 இல் எடுத்துரைத்தது, இன்றும் வழக்கிலுள்ளது. பிள்ளை பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு கைகளையும் தொங்கவிட்டு முன்னே குனியவேண்டும். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு முதுகின் இருபுறமும் ஒரே உயரமாகத் தோன்றவேண்டும். ஒருபுறம் மேடு தட்டினால், அல்லது நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்தோ, ஒரு தோட்பட்டை புடைத்தோ, இடையின் மடிப்பு இருபுறமும் ஒவ்வாமலோ இருந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். வளர்ந்த பெண்பிள்ளையின் முதுகைச் சட்டையும் கூச்சமும் மறைத்துவிடுகின்றன. எண்ணெய் முழுக்கு நாளில் தாயார் ஒரு முறை பார்த்துக்கொள்வது எளிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். அது 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடைபெறும் வழக்கம். ஏழாம் தரத்துக்கும் பத்தாம் தரத்துக்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளே பல பிள்ளைகள் விரைந்து நெடிது வளரும் காலம். அந்த இடைவெளியைக் காக்கவேண்டியவர் பெற்றோரே. காலத்தோடு கண்டால் பயன் உண்டா? உண்டு. 2013 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க, கனேடிய ஆய்வொன்றில், நடுத்தர வளைவுள்ள பிள்ளைகளுள் உடற்கவசம் அணிந்தவரில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு அறுவைச் சிகிச்சை வேண்டிய அளவை எட்டாமல் நின்றது. கவசமின்றிக் கவனிப்பில் மட்டும் இருந்தவரில் அது 48 பேரே. ஆனால் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும்போதே கவசம் பயன் தரும். வளர்ச்சி முடிந்தபின் கண்டறிந்தால் அந்த வாய்ப்புக் கைநழுவிப் போகின்றது.

கூனலிலும் இரு வகை உண்டு. குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும்போது நேராகிவிடும் கூனல் பழக்கத்தால் வந்தது, பயிற்சியால் திருந்தும். அப்போதும் நேராகாத விறைத்த கூனல் எலும்பில் உள்ளது, வைத்தியர் பார்க்கவேண்டும். இரவில் உறக்கத்தைக் கலைக்கும் முதுகுவலி, காய்ச்சலோ மெலிவோ சேர்ந்த வலி, காலில் விறைப்பு அல்லது சோர்வு, சிறுநீர் அடக்க முடியாமை என்பவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. நோய் காட்டியபின் எத்தகைய பயிற்சி தேவை என்பதை வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவினர் சொல்வர். கடையில் விற்கும் முதுகுப்பட்டியை நாமாக வாங்கிக் கட்டிவிடுதல் தகாது.

அசைவே மருந்து

சரியான கதிரை, சரியான மேசை, நல்ல பார்வை எல்லாம் அமைந்தபின்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. எவ்வளவு செம்மையாக இருந்தாலும் நெடுநேரம் இருக்கக்கூடாது. அரைமணிக்கு ஒருமுறை பிள்ளை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். ஒரு பாடத்தை நின்றுகொண்டு மனனம் செய்யட்டும். பெருக்கல் வாய்பாட்டை நடந்துகொண்டே சொல்லட்டும். இது படிப்புக்கு இடையூறு அன்று. களைத்த தசைக்கும் களைத்த மனத்துக்கும் ஒரே மருந்து.

ஆசிரியராகிய நாமும் சில செய்யலாம். நெட்டையான பிள்ளைகளுக்கு உயர்ந்த கதிரையையும் குட்டையானவர்களுக்குத் தாழ்ந்ததையும் தேடிக் கொடுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. தவணைத் தொடக்கத்தில் அரைமணி நேரம் வேண்டும். கரும்பலகையைப் பக்கவாட்டில் திரும்பியே பார்க்கவேண்டிய மூலையிலுள்ள பிள்ளைகளை மாதம் ஒருமுறை இடம் மாற்றலாம். ஒரு பாடம் முடிந்து மற்றது தொடங்குமுன் வகுப்பு முழுவதையும் எழுப்பிக் கைகளை மேலே நீட்டச் செய்யலாம். "அசையாதே" என்பதை நல்லொழுக்கமாக எண்ணும் பழைய எண்ணத்தை நாம் கைவிடுவது எல்லாவற்றிலும் முக்கியம்.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளவர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. முதுகைத் தாங்கும் கயிறுகள் இறுகுவது அந்த ஓட்டத்திலேதான். திருகோணமலையிற் பிறந்த பிள்ளைக்கு அதற்கு இடமா இல்லை? டச்சுக்குடா மணல் இருக்கின்றது. ஏகாம்பரம் மைதானம் இருக்கின்றது. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறும் பாதை இருக்கின்றது. பட்டம் விடும் பிள்ளை வானத்தைப் பார்க்கிறது. பந்து எறியும் பிள்ளை தோளை விரிக்கிறது. நீந்தும் பிள்ளை முதுகு முழுவதையும் உழைக்க வைக்கிறது. ரியூட்டரிக்காக இந்த ஒரு மணி நேரத்தைப் பறித்துவிட்டுப் பின்னர் கூனலுக்கு வைத்தியம் தேடுவது அறிவுடைமை ஆகாது.

ஆகவே, பெற்றோரே, இன்று மாலை பிள்ளை படிக்க அமர்ந்ததும் வாயைத் திறக்காமல் இருபது நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். கால் எங்கே தொங்குகிறது, தோள் ஏன் உயர்கிறது, கண் எவ்வளவு அண்மையிற் போகிறது என்று காணுங்கள். காலின் கீழே ஒரு மணையையும் நூலின் கீழே ஒரு பலகையையும் வையுங்கள். மாணவர்களே, உங்கள் உடம்பு அசைய விரும்பும்போது அதனைக் குற்றமென்று எண்ணாதீர்கள். எழுந்து நடந்துவிட்டு வந்து மீண்டும் அமருங்கள். இவ்வளவும் செய்தபின் "நிமிர்ந்து இரு" என்று சொல்லவேண்டிய தேவை எத்தனை வீடுகளில் எஞ்சியிருக்கும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் தாமே அறிந்துகொள்வர்.